பச்சைமலை நாட்டில் பார்க்கவேண்டியது எது?

மொன்றியலிலும் பொஸ்ரனிலும் வாழும் நம்மவர்கள் கோடை விடுமுறையில் ஒருவரை ஒருவர் பார்க்கப் புறப்படும்போது, நடுவில் ஒரு மாநிலத்தைக் கடந்து செல்கிறார்கள். கடந்து செல்கிறார்கள் என்றுதான் சொல்லவேண்டும். எரிபொருள் நிரப்பவும், பிள்ளைகள் கேட்டால் ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்கவும் நிற்பதோடு சரி. "வெர்மொன்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, வெறும் மலையும் மாடும்தானே" என்று உறவினர் ஒருவர் என்னிடம் கேட்டார். இருபது வருடங்களாக அவ்வழியே போய்வருபவர் அவர். அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கு எழுதுகிறேன்.

இணையத்தில் தேடினால் "தவறவிடக் கூடாத பத்து இடங்கள்" என்ற வகைப் பட்டியல்கள் ஏராளம் கிடைக்கும். எல்லாப் பட்டியல்களிலும் அதே பத்துதான் திரும்பத் திரும்ப வரும்: ஐஸ்கிறீம் தொழிற்சாலை, மூடிய மரப்பாலங்கள், இலையுதிர்கால நிறங்கள், மேப்பிள் பாகு, பனிச்சறுக்கு. பட்டியல் பொய்யானதல்ல. ஆயினும் இடங்களை எண்ணித் தருகிற அது, அந்த இடங்கள் ஏன் அவ்வாறு இருக்கின்றன என்பதைச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், வெர்மொன்டில் முதலில் பார்க்கவேண்டியது அங்கு இல்லாத ஒன்றையே.

எல்லையைத் தாண்டித் தெற்கே பத்து நிமிடம் வாகனம் ஓடியதும் கண்ணுக்கு ஏதோ ஓய்வு கிடைத்தது போன்ற உணர்வு ஏற்படும். ஏன் என்று உடனே பிடிபடாது. பெருந்தெருவின் இருமருங்கிலும் விளம்பரப் பலகைகள் இல்லை என்பதே காரணம். 1968 இல் அந்த மாநிலச் சட்டமன்றம் சாலையோர விளம்பரப் பலகைகளைத் தடைசெய்தது. ரெட் ரீல் என்ற சட்டமன்ற உறுப்பினர் முன்னின்று போராடிக் கொண்டுவந்த சட்டம் அது. அப்போது நின்ற பலகைகளை அகற்ற அவகாசம் கொடுத்தார்கள். 1970களின் நடுப்பகுதியில் கடைசிப் பலகையும் போயிற்று. விடுதிக்கோ உணவகத்துக்கோ வழி காட்ட வேண்டுமானால், எல்லோருக்கும் ஒரே அளவிலான சிறிய அரச வழிகாட்டிப் பலகைதான். பெரிய நிறுவனத்துக்குப் பெரிய பலகை, சிறிய கடைக்குச் சிறிய பலகை என்ற பேதம் கிடையாது. அமெரிக்காவில் இத்தகைய தடை உள்ள மாநிலங்கள் நான்கே. ஹவாய், அலாஸ்கா, மெயின் ஆகியவை மற்றைய மூன்று.

இரண்டு வருடங்களின் பின், 1970 இல், அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று வந்தது. "அக்ட் 250" என்று அங்குள்ளவர்கள் இன்றும் இலக்கத்தைச் சொல்லியே அழைக்கிறார்கள். பாரிய கட்டுமானம் எதுவாயினும், நீர், மண், வீதி, பாடசாலை, இயற்கை எழில் உட்படப் பத்து அளவுகோல்களின்படி அவ்வப் பகுதி மக்களைக் கொண்ட ஆணையம் ஒன்று பரிசீலித்தே அனுமதி கொடுக்கும். இதைக் கொண்டுவந்தவர் இடதுசாரி அல்லர். டீன் டேவிஸ் என்ற குடியரசுக் கட்சி ஆளுநர். பொஸ்ரன், நியூயோர்க் பணக்காரர்கள் பெருந்தெருவழியே வந்து மலைச்சரிவுகளைத் துண்டு துண்டாக வாங்கத் தொடங்கிய காலம் அது. 1993 இல் பெரும் அங்காடிகளின் வருகையை முன்னிட்டு, தேசிய மரபுரிமைப் பாதுகாப்பு அறக்கட்டளை அழியும் ஆபத்துள்ள இடங்களின் பட்டியலில் வெர்மொன்ட் மாநிலம் முழுவதையும் சேர்த்தது. ஒரு கட்டிடத்தையோ ஒரு வீதியையோ அல்ல, மாநிலத்தையே.

ஆகவே நாம் "இயற்கை அழகு" என்று படம் பிடிப்பதில் பெரும்பகுதி சட்டத்தின் அழகு. இதைச் சொல்லும்போது நண்பர்கள் சிரிக்கிறார்கள். இருக்கட்டும். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் வீதியில் எத்தனை தேயிலைச் சரிவுகளைத் தொலைபேசி நிறுவனங்களின் பலகைகள் மறைக்கின்றன என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு என் பேச்சு புரியும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கட்டுவது கடினமானால் வீடு குறையும், வாடகை ஏறும். ஆறரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழும் மாநிலத்தில் இளம் ஆசிரியருக்கும் தாதிக்கும் வீடு கிடைப்பது பெரும்பாடு. வீடுகளில் கணிசமானவை வெளியூர்க்காரர்களின் விடுமுறை இல்லங்கள். வருடத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடப்பவை. நகர மையங்களில் வீடு கட்டுவதை இலகுவாக்க 2024 இல் அக்ட் 250ஐத் திருத்தினார்கள். ஆளுநர் மறுப்பாணை விட, சட்டமன்றம் அதை மீறி நிறைவேற்றியது. அழகைக் காப்பதும் அங்கு வாழ்பவரைக் காப்பதும் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை என்பதை அம்மக்கள் மறைக்காமல் வாதாடுகிறார்கள். மார்ச் மாதம் முதலாவது செவ்வாய்க்கிழமை செல்பவர்கள், அந்த வாதத்தை நேரிலேயே கேட்கலாம். அன்று ஊர்க்கூட்ட நாள். ஊர் மண்டபத்தில் கூடி, வீதி திருத்தப் புதிய வாகனம் வாங்குவதா வேண்டாமா என்பதிலிருந்து எல்லாவற்றையும் கைதூக்கித் தீர்மானிக்கும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அந்நியர் பின்வரிசையில் அமர்ந்து பார்க்கத் தடையில்லை. நடுவில் மதிய உணவும் உண்டு.

அதே மார்ச் மாதம்தான் மேப்பிள் காலமும். இதைப்பற்றிச் சற்று நின்று எழுத விரும்புகிறேன். யாழ்ப்பாணத்தவர்களாகிய நமக்கு இதில் ஓர் உரிமை உண்டு என்று எனக்குத் தோன்றுவதால்.

இரவில் நீர் உறையும் குளிர், பகலில் உருகும் இளஞ்சூடு. இந்த இரண்டும் மாறி மாறி வரும் ஐந்தாறு வாரங்களில்தான் மேப்பிள் மரம் சாறு தரும். நாற்பது வயதளவான மரத்தின் அடியில் இரண்டு அங்குல ஆழத்துக்குச் சிறு துளையிட்டு, முளை செருகி, வாளி தொங்கவிடுவார்கள். வடிவது தண்ணீர் போன்ற தெளிந்த நீர். அதில் சீனி இரண்டு வீதம் அளவில்தான். வாயில் விட்டால் இனிப்பா இல்லையா என்று ஐயப்படும்படி இருக்கும். இதை மரக்கட்டை எரித்துக் காய்ச்சிக் காய்ச்சி, நாற்பது கலன் சாற்றிலிருந்து ஒரு கலன் பாகு எடுக்கிறார்கள். அந்தக் கொட்டிலுக்குச் "சீனி வீடு" என்றே பெயர். கூரையின் நடுவில் நீராவி போக ஒரு திறப்பு. உள்ளே நுழைந்தால் மூக்குக்கண்ணாடி புகைபடிந்து எதுவும் தெரியாது; மணம் மாத்திரம் தெரியும்.

முதல் தடவை அந்த மணத்தில் நின்றபோது, சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சும் அடுப்படியே என் நினைவுக்கு வந்தது. பாகு பதம் பார்ப்பதும் ஒன்றேதான். அகப்பையைத் தூக்கிச் சரித்தால் துளித்துளியாக விழாமல் திரைச்சீலைபோல் விளிம்பில் தொங்கவேண்டும். நம்மூரில் அதைப் பனையோலைக் குட்டானில் வார்த்தோம். அவர்கள் போத்தலில் வார்க்கிறார்கள். சூடான பாகைச் சுத்தமான வெண்பனிமேல் ஊற்றி, அது இழுபடும் மிட்டாயாகியதும் முள்ளுக்கரண்டியால் சுருட்டித் தின்பார்கள். தொட்டுக்கொள்ள உப்புப் புளிப்பில் ஊறிய வெள்ளரிக்காய்! நகைக்கவேண்டாம், ஒடியல் கூழைப் பற்றி வெளியாருக்கு நாம் சொல்லும்போது அவர்கள் முகம் போகும் போக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புமை இங்கே முடிந்து, உறுத்தல் தொடங்குகிறது. ஐரோப்பியர் வருமுன்னரே அபெனாக்கி முதலிய பூர்வகுடிகள் அறிந்திருந்த இந்தத் தொழில், இன்று பிளாஸ்ரிக் குழாய்களும் வெற்றிடப் பம்பிகளும் சவ்வூடு வடிகட்டிகளும் கொண்ட தொழிலாக வளர்ந்துள்ளது. அமெரிக்க மேப்பிள் பாகில் ஏறத்தாழப் பாதி இந்தச் சிறு மாநிலத்திலிருந்து வருகிறது. நிறத்தையும் சுவையையும் வைத்துத் தரம் பிரிப்பதற்குச் சட்டம். வேறிடத்துப் பாகை வெர்மொன்ட் பாகு என்று விற்பதற்குத் தடை. 2011 இல் பிரபல துரித உணவு நிறுவனமொன்று, பாகே இல்லாத கஞ்சியை மேப்பிள் பெயரில் விற்றபோது மாநில அரசு தலையிட்டது. வெர்மொன்டில் கேட்பவருக்கு உண்மையான பாகைக் கொடுக்க அந்நிறுவனம் இணங்கியது. கற்பகதரு என்று பாடிவைத்த மரத்தை நாம் எந்த நிலையில் வைத்திருக்கிறோம்? ஏறுபவரைச் சாதி சொல்லித் தள்ளிவைத்தோம், எஞ்சிய மரங்களைப் போர் தின்றது, பனங்கட்டி என்ற பெயரில் வெறும் சீனிப்பாகு கலந்து விற்பதைக் கேட்பாரில்லை. மேப்பிள் துளையிடும் விவசாயி ஊர்க்கூட்டத்தில் தலைவராக அமர்ந்திருப்பதைப் பார்த்தபின் எனக்கு அந்தப் பாகு அத்தனை இனிக்கவில்லை.

இலையுதிர்கால நிறங்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை; படங்கள் போதியவை உண்டு. செப்ரெம்பர் இறுதியில் வடக்கிலும் உயர்ந்த மலைகளிலும் தொடங்கி, ஒக்ரோபர் நடுப்பகுதிவரை தெற்கே இறங்கிவரும். ஒரு செய்தி மாத்திரம். நாம் பார்க்கும் காடு ஆதிக்காடு அல்ல. 19 ஆம் நூற்றாண்டில் மெரினோ ஆடுகளுக்காக இந்த மலைகளை ஏறத்தாழ மொட்டையாக்கியிருந்தார்கள். ஆட்டுரோம வியாபாரம் சரிந்து, விவசாயிகள் மேற்கே குடிபெயர்ந்தபின் காடு தானாகத் திரும்பிவந்தது. இன்று மாநிலத்தின் முக்காற்பங்கு காடு. நடுக்காட்டில் நடக்கும்போது யாருக்கும் பயன்படாத கல்வேலிகள் குறுக்கிடும். ஒருகாலத்தில் அவை மேய்ச்சல் நிலத்தின் எல்லைகள்.

போம்ஃப்ரெட் என்ற சிற்றூரின் கதையையும் சொல்லவேண்டும். அங்குள்ள மண்பாதை ஒன்றிலிருந்து தெரியும் பண்ணை வீட்டின் படம் சமூக ஊடகங்களில் பரவியபின், ஒக்ரோபரில் நூற்றுக்கணக்கான வாகனங்கள் வந்து குவிந்தன. தனியார் வளவுக்குள் புகுந்து உடைமாற்றும் கூடாரம் அடித்தவர்கள்கூட உண்டாம். பொறுக்கமுடியாத ஊரார் 2023 இல் செப்ரெம்பர் 23 முதல் ஒக்ரோபர் 15 வரை அந்த வீதியை வெளியாருக்கு மூடிவிட்டார்கள். பட்டியல் போட்டுப் பயணம் செய்வதன் கதி இதுதான். மாநிலம் முழுவதும் அதே நிறத்தில் மரங்கள் நிற்க, எல்லோருக்கும் அந்த ஒரு பண்ணைதான் வேண்டியிருக்கிறது.

மூடிய மரப்பாலங்கள் நூறளவில் உள்ளன. மரச்சட்டங்கள் மழையிலும் பனியிலும் உக்கிப்போகாமல் இருக்கவே கூரை. அக்காலத்தில் சறுக்கு வண்டிகள் செல்வதற்காகப் பாலத்துக்குள் பனியை அள்ளிப் பரப்பினார்களாம். ஓரிரு பாலம் பார்த்தால் போதும். ஐஸ்கிறீம் தொழிற்சாலை வோட்டர்பெரியில் இருக்கிறது. பிள்ளைகள் இருந்தால் போகத்தான் வேண்டும். கைவிடப்பட்ட சுவைகளுக்குக் கல்லறைக் கற்கள் நட்டுவைத்திருக்கும் மேட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு வரலாம்.

உண்மையான கல்லறையொன்று அரைமணி நேரத் தொலைவில் இருக்கிறது. பரே நகரத்தின் ஹோப் மயானம். கருங்கல் சுரங்க நகரம் அது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியிலிருந்து சிற்பிகள் வந்து குடியேறினார்கள். மூடிய கொட்டில்களில் காற்றழுத்தக் கருவிகளால் கல் செதுக்கியபோது எழுந்த தூசி நுரையீரலில் படிந்து, அவர்களில் ஏராளமானோர் நடுவயதிலேயே மாண்டார்கள். அவர்களுடைய கல்லறைகளைச் செதுக்கியவர்களும் அதே தூசியைச் சுவாசித்த தோழர்கள்தான். 1903 இல் தொழிலாளர் மண்டபத்தில் மூண்ட அரசியல் சண்டையில் சுடப்பட்டு இறந்த எலியா கோர்த்தி என்ற சிற்பிக்கு அங்கு முழு உருவச் சிலை உண்டு. கையில் தலை சாய்த்து அமர்ந்திருக்கிறார். அருகில் அவர் தொழிற் கருவிகள். மேலங்கியின் மடிப்பும் பொத்தானும் கருங்கல் என்று நம்ப முடியாது. மாநிலத்தில் எனக்கு மிகப் பிடித்த இடங்களுள் அது ஒன்று.

மாடுகளைப் பற்றியும் கேட்டார் அல்லவா என் உறவினர். 1940களில் பதினோராயிரத்துக்கு மேல் இருந்த பாற்பண்ணைகள் இன்று ஐந்நூறளவாகச் சுருங்கிவிட்டன. எஞ்சிய பெரிய பண்ணைகளில் அதிகாலையில் பால் கறப்பவர்கள் அநேகமாக மெக்சிக்கோவிலிருந்து வந்தவர்கள். விவசாயப் பருவ வேலைக்கு விசா உண்டு. பால் கறப்பது வருடம் முழுவதும் நடக்கும் வேலையாகையால் அந்த விசா அவர்களுக்குப் பொருந்தாது. ஆகவே பலரிடம் பத்திரம் கிடையாது. 2025 ஏப்ரலில் கனேடிய எல்லையோரப் பண்ணையொன்றில் எட்டுத் தொழிலாளர்களை எல்லைக்காவற் படையினர் பிடித்துச் சென்றார்கள். செந்நிறக் களஞ்சியமும் புள்ளி மாடுகளும் கொண்ட தபாலட்டையில் அவர்கள் முகம் வருவதில்லை. பத்திரமின்றி உணவகச் சமையலறைகளில் வருடக்கணக்கில் ஒளிந்திருந்தவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! அந்த மாடுகளைப் படம் பிடிக்கும்போது நமக்கு இது நினைவுக்கு வரவேண்டும்.

கடைசியாக ஓரிடம். டேர்பி லைன் என்ற எல்லையூரில் உள்ள ஹாஸ்கெல் நூலகம். மொன்றியலிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவான பயணம். மேல்மாடியில் நாடக அரங்கு. 1904 இல் அரங்கமும் 1905 இல் நூலகமும் திறக்கப்பட்டன. இரண்டு நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று, கணவரின் நினைவாக மார்த்தா ஹாஸ்கெல் அம்மையாரும் அவர் மகனும் வேண்டுமென்றே எல்லைக்கோட்டின்மேல் கட்டிய கட்டிடம் அது. வாசிப்பறைத் தரையில் கறுப்புப் பட்டியொன்று குறுக்கே ஓடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் அமெரிக்கா, அந்தப் பக்கம் கனடா. புத்தகங்களும் மேடையும் கனடாவில். முன்வாசலும் அரங்கின் பெரும்பாலான இருக்கைகளும் அமெரிக்காவில். நூறு வருடங்களுக்கு மேலாகக் கனேடியர்கள் நடைபாதையால் நடந்து வந்து, கடவுச்சீட்டுச் சோதனையின்றி முன்வாசலால் நுழைந்து, புத்தகம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

பயணத்தடைக் காலத்தில் அந்த நூலகத்துக்கு வேறொரு பயன் ஏற்பட்டது. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஈரானிய மாணவர்கள் வெளியேறினால் திரும்ப முடியாது; பெற்றோருக்கு அமெரிக்க விசா கிடையாது. பெற்றோர் கனேடிய விசா பெற்று வந்து, இந்தப் புத்தக அடுக்குகளுக்கிடையே தம் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். 2018 இல் செய்தி நிறுவனங்கள் அதை வெளியிட்டன. நாற்பது வருடம் பத்திரிகைச் செய்திகளைப் படித்தும் எழுதியும் வந்தவன் நான். அச்செய்தியைப் படித்துவிட்டு நெடுநேரம் அடுத்த பக்கம் திருப்பவில்லை. இலங்கைக் கடவுச்சீட்டுடன் ரொறொன்ரோவுக்கு வந்து நிற்கும் தாய்க்கும், அகதி வழக்கு முடியாமல் நியூயோர்க்கில் இருக்கும் மகனுக்கும் இடையே உள்ள தூரத்தை நாம் நன்றாகவே அறிவோம்.

2025 மார்ச்சில் அமெரிக்க அதிகாரிகள் அந்தப் பழைய வழக்கத்துக்கு முடிவு கட்டினார்கள். கடத்தலைத் தடுப்பது நோக்கம் என்றார்கள். முற்றிலும் ஆதாரமற்ற காரணமென்று சொல்லமுடியாது. முன்னொரு காலத்தில் நூலகக் கழிவறை வழியாகக் கைத்துப்பாக்கிகள் கடத்திய ஒருவர் தண்டிக்கப்பட்டிருக்கிறார். ஒருவர் செய்த குற்றத்துக்காக நூற்றாண்டு நம்பிக்கையொன்றை மூடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. அவ்வருடம் ஒக்ரோபர் முதலாம் திகதியிலிருந்து, ஒருசில விதிவிலக்குகள் தவிர, கனடாப் பக்கத்திலிருந்து நடந்து வருபவருக்கு முன்வாசல் இல்லை. நூலகத்தார் கனேடிய மண்ணிலுள்ள அவசரகாலக் கதவைத் தம் அயலவருக்கான வாசலாக மாற்றும் வேலையைத் தொடங்கினார்கள். அதற்கு இரு நாட்டிலிருந்தும் பணம் வந்தது. அதே கோடையில், கனேடியர் வருகை வெகுவாகக் குறைந்துபோன கவலையில், பேர்லிங்ரன் நகரசபை தன் பிரதான கடைத்தெருவின் ஒரு பகுதிக்குத் தற்காலிகமாகக் "கனடா வீதி" என்று பெயரிட்டது.

கோபத்தால் அமெரிக்கப் பக்கம் போகமாட்டேன் என்றிருக்கும் கனேடியத் தமிழர்களை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் இந்த நூலகத்துக்கு எல்லை தாண்டவேண்டியதில்லை. கியூபெக் பக்கத்து ஸ்ரான்ஸ்ரெட் ஊருக்குப் போய்ப் பின்கதவால் உள்ளே வரலாம். பொஸ்ரனில் இருப்பவர்கள் முன்வாசலால் வரலாம். திறக்கும் நேரங்களை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். உள்ளே சந்திப்புகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அதிகநேரம் நின்று கதைக்க விடமாட்டார்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அந்தக் கறுப்புப் பட்டியில் ஒரு கால் இப்பக்கமும் மறுகால் அப்பக்கமுமாக நின்று அவர்கள் படம் எடுக்கட்டும். அது எதற்காகப் போட்ட கோடு என்று அவர்கள் கேட்பார்கள்.